வெளியூரில் ஒரு பிரதி

கேமரா வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் கேமராவைத்தான் பார்க்கிறார்கள் சார். படம் தெளிவாக இருக்குமா, இருட்டில் தெரியுமா, மழைக்குத் தாங்குமா என்றெல்லாம் கேட்பார்கள். படம் போய்ச் சேருகிற ரெக்கார்டரை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நான் முதலில் அதைத்தான் பார்த்தேன்.

எங்களுடையது குளிர்பதனக் கிடங்கு. ஐஸ்கிரீம், பட்டாணி, மீன் என்று கடைக்காரர்கள் கொண்டுவந்து வைப்பார்கள். வேண்டும்போது எடுத்துப் போவார்கள். பெயருக்கு நானும் அண்ணனும் பங்குதாரர்கள். எந்த லாரி, எந்த ஆள், கதவுக்கு எந்தப் பூட்டு என்பதுவரை அண்ணன் வைத்ததுதான் சட்டம். பெட்டிகள் காணாமல் போக ஆரம்பித்தபோது கேமரா வைக்கிற வேலையை மட்டும் என்னிடம் விட்டார். "உனக்குத்தான் உக்காந்து வேடிக்கை பாக்கறது புடிக்குமே. நீயே வாங்கு."

கடை கடையாக ஏறி இறங்கினேன். கேமராக்காரர் ஒருவர் சொன்னது மனதில் தங்கியது. "திருட வர்றவன் ரெக்கார்டரையும் சேத்துத் தூக்கிட்டுப் போயிடுவான் சார். அப்புறம் நீங்க எதப் பாப்பீங்க?" அதனால், பதிவாவதெல்லாம் உடனுக்குடன் வெளியூரில் இருக்கும் கம்பெனிக் கணினிக்கும் போய்ச் சேருகிற மாதிரி ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். நடுவில் இன்டர்நெட் போனால், வந்ததும் விட்ட இடத்திலிருந்து அனுப்ப வேண்டும். கடையிலேயே வயரைப் பிடுங்கிச் சோதித்துப் பார்த்த பிறகுதான் வாங்கினேன். அதில் சத்தமும் பதியும். யார் எந்தப் போனிலிருந்து பார்த்தார்கள் என்பதும் பதியும். அந்த விஷயத்தில் அண்ணன் செய்தது ஒன்றே ஒன்றுதான். அடிக்கடி போனைத் தொலைக்கிறவர் என்பதால், படத்தைத் திறப்பதற்குத் தன் நம்பருக்குப் பதிலாக அண்ணியின் நம்பரைக் கொடுத்தார். அண்ணிக்கு அதைத் திறந்து பார்க்கத் தெரியாது.

ஒருநாள் ஃப்ரீசர் அறைக்குள் சரக்கு சரிபார்த்துக்கொண்டிருந்தேன். கதவு சாத்திக்கொண்டது. உள்ளிருந்து திறக்க ஒரு கைப்பிடி உண்டு. வெளியே யாராவது அழுத்திப் பிடித்துக்கொண்டால் அது திரும்பாது. நான் பலம்கொண்ட மட்டும் இழுத்ததில் உடைந்து கையோடு வந்துவிட்டது. கத்தினேன். அழுதேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள். கதவு திறந்தபோது அண்ணனும் லோடு ஏற்றுகிற ஆட்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"சும்மா வெளையாட்டுக்குடா. மூஞ்சியப் பாரு, பேயறஞ்ச மாதிரி."

ஃப்ரீசருக்குள்ளும் ஒரு கேமரா உண்டு. ரெக்கார்டரில் பதிந்திருந்ததை உடனே அழித்தேன். வெளியூர்ப் பிரதியை அழிக்க முடியாது. அதற்காகத்தானே அதை வாங்கினேன். அண்ணன் கேமராக்காரரைக் கூப்பிட்டு அங்கிருந்து எடுக்கச் சொல்லி, தன் மகளின் பிறந்தநாளன்று எல்லோருக்கும் டிவியில் போட்டுக் காட்டினார். என் மனைவி சிரித்தாள். என் மகன் விழுந்து விழுந்து சிரித்தான். அன்றிலிருந்து அண்ணன் பிள்ளைகளுக்கு நான் ஐஸ் சித்தப்பா. எனக்கு அதில் வருத்தமில்லை. குடும்பம் என்றால் கேலி கிண்டல் இருக்கத்தான் செய்யும்.

கைப்பிடியைச் சரிசெய்ய ஆள் வந்தபோது அண்ணன் வெளியே போயிருந்தார். "அப்புறமா கூப்பிடறோம்" என்று நான்தான் அனுப்பிவைத்தேன். சாமான் கிடைக்கவில்லையாம் என்று அண்ணனிடம் சொன்னேன். அதுவரை கதவுக்கு ஒரு பெட்டியை முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் யாரும் உள்ளே போக வேண்டும் என்று எல்லோரையும் எச்சரித்ததும் நான்தான். என்னைக் கவனக்குறைவானவன் என்று ஒருவரும் சொல்ல முடியாது.

அன்று விடுமுறை. ஒரு கடைக்காரருக்கு அவசரமாக ஐஸ்கிரீம் வேண்டும் என்று அண்ணன் தனியாகக் கிடங்குக்குப் போனார். நான் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு, வழக்கம்போலப் போனில் கேமராவைத் திறந்தேன். அண்ணன் கதவுக்கு முட்டுக்கொடுத்தது காலி அட்டைப்பெட்டி. கதவு அதை நசுக்கித் தள்ளிக்கொண்டு சாத்திக்கொண்டது. அதை நான் செய்யவில்லை.

கொஞ்ச நேரம் தோளால் இடித்துப் பார்த்தார். பிறகு நேராகக் கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

"டேய், பாத்துட்டுதான இருக்க? மாட்டிக்கிட்டேன்டா. சீக்கிரம் வா."

நான் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று அவர் நம்பியது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. கிடங்கு எங்கள் தெருவுக்குப் பின்னால்தான். எழுந்து செருப்பை மாட்டினேன். பிறகு, நான் தவித்த அளவுக்கு அவரும் கொஞ்சம் தவிக்கட்டுமே என்று உட்கார்ந்தேன். அந்த அளவு எப்போது தாண்டியது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

கைகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு குதித்தார். கதவை உதைத்தார். அப்புறம் குரல் மாறியது.

"தம்பி, வெளையாடாதடா. அன்னிக்கு நான் பண்ணது தப்புதான். தொறடா."

நான் கேட்க விரும்பியது அதைத்தான். அப்போதே போய்த் திறந்திருக்கலாம். ஆனால் திறந்தால், இவ்வளவு நேரம் ஏன் வரவில்லை என்று கேட்பார். எல்லார் முன்னாலும் கேட்பார். அந்தப் பேச்சை நினைக்கவே சங்கடமாக இருந்தது.

திரையின் இன்னொரு கட்டத்தில் ஆபீஸ் மேசை தெரியும். அதன்மேல் அண்ணனின் போன் ஒளிர்ந்து ஒளிர்ந்து அணைந்தது. அடுத்து என் போன் அடித்தது. அண்ணி.

"தம்பி, அவரு போனே எடுக்கல. கேமராவுல கொஞ்சம் பாருங்களேன்."

"பாத்துட்டுத்தான் இருக்கேன் அண்ணி. உள்ள சரக்கு எடுத்துட்டு இருக்கார்."

"சாப்பாடு ஆறிப்போகுது. வெளிய வந்ததும் போன் பண்ணச் சொல்லுங்க."

"சொல்றேன் அண்ணி."

குளிர் முற்றினால் உடம்பு எரிகிற மாதிரி இருக்குமாம். அண்ணன் பட்டாணிப் பெட்டிகளின் மேல் சாய்ந்து உட்கார்ந்தார். சட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. அண்ணிக்கு அவர் வைத்திருந்த செல்லப்பெயர் ஒன்றைச் சொன்னார். நான் அதற்குமுன் கேட்டிராத பெயர். யாரோ எதிரே உட்கார்ந்திருப்பதுபோல மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அசைவு நின்ற பிறகும் கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு போய்க் கதவைத் திறந்தேன். அக்கம்பக்கத்தாரைக் கூவி அழைத்தேன். ரெக்கார்டரைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டுவிட்டு, அது ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று சொன்னேன். வெளியூரில் பிரதி இருப்பது தெரிந்தும் ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்கிறீர்கள். அண்ணி அதைப் பார்த்துவிடக் கூடாதே என்றுதான். அந்த நேரத்தில் வேறெதுவும் தோன்றவில்லை.

அடக்கம் முடிந்து ஆட்கள் போன பிறகு அண்ணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "கடைசியா என்ன நெனச்சாரோ" என்று அதையே சொல்லிச் சொல்லி அழுதார். எனக்குப் பொறுக்கவில்லை. ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"உங்களத்தான் அண்ணி நெனச்சார்" என்று சொல்லி, அந்தப் பெயரையும் சொன்னேன்.

அழுகை நின்றது. "இந்தப் பேரு உங்களுக்கு எப்படித் தம்பி தெரியும்?"

"அண்ணன் எப்பவோ சொல்லியிருக்கார்."

"அவரு யாருகிட்டயும் சொல்ல மாட்டாரு" என்றார். மறுநாள் கேமராக்காரரை வீட்டுக்கு வரவழைத்திருக்கிறார். அண்ணி நம்பரில் எல்லாம் திறந்துகொண்டது. அன்று முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது என் போன் என்பதும் அதில் இருந்தது.

ஆமாம், அவர் சாகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். கதவைத் திறக்க முடிந்தும் திறக்கவில்லை. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

அண்ணி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார் என்றீர்கள். மனுஷர் தனியாகக் கிடந்து செத்தாரே என்று அழுகிறாராம். அதை மட்டும் நீங்கள் அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் சார். அண்ணன் தனியாக இல்லை. அண்ணியோடு போனில் பேசிக்கொண்டிருந்தபோதுகூட நான் அந்தப் படத்தை மூடவில்லை.