ஒரு சொல் தந்தி

பத்தாம் வகுப்போடு நின்ற நான் எழுதத் துணிந்ததற்கு மன்னிக்க வேண்டும். மானிப்பாய் பஸ் தரிப்பில் காதில் விழுந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பயணப் பெட்டியோடு நின்ற ஒரு தாய், பக்கத்தில் நின்ற பெண்ணிடம் தந்தியொன்றை நீட்டினார். கொழும்பிலிருந்து வந்த அதில் “அட்மிட்டட்” என்ற ஒரே சொல்தான் இருந்தது.

“அட்மிட் எண்டால் ஆசுப்பத்திரிதானே பிள்ளை? என்ரை பொடியனுக்கு என்ன நடந்ததோ!”

“ஒத்துக்கொண்டான் எண்டும் வரும் அம்மா.”

“ஐயோ! பொலிசிலையோ? அவன் என்னத்தை ஒத்துக்கொண்டவன்?”

“பொறுங்கோ. தந்தி அடிச்சது ஆர்?”

“அவன்தான். அடியிலை அவன்ரை பேர் கிடக்கு.”

“கட்டிலிலை கிடக்கிறவனும் பொலிசிலை இருக்கிறவனும் தபால் கந்தோருக்குப் போவினமோ? எங்கையும் படிக்க விண்ணப்பிச்சவனோ?”

“ஓம், ரெக்னிக்கல் கொலிச்சுக்கு.”

“அப்ப இடம் கிடைச்சிட்டுது. அதுக்கும் அட்மிட்டட்தான்.”

தாய் பெட்டியின் மேலேயே அமர்ந்துவிட்டார்.

“அதுக்கு வேறை சொல் இல்லையோ உந்த இங்கிலீசிலை?”

“இருக்கு. செலெக்டட் எண்டு அடிச்சிருக்கலாம்.”

“அதை அடிச்சால் என்ன, விசரன்!” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

மறுநாள் அவரைச் சந்தையில் கண்டேன். மகனின் கடிதம் வந்துவிட்டது, அடுத்த மாதம் வகுப்புத் தொடங்குகிறது என்று மீன்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.