அரைத் தட்டு முந்தி

– டிரம்பெட்ட ஏன் வண்டி சீட்டுல இப்படிக் கெடத்தியிருக்க, ஓடீல்? நிமித்தி வையி.

– என் வீட்டுக்காரரு யுலிஸ் படுத்துத்தான போனாரு, அனத்தோல் அண்ணே? அவரு டிரம்பெட்டும் படுத்தே போகட்டும். இன்னைக்கு அதுதான் பொணம்.

– வாயக் கழுவு.

– நான் ஏன் கழுவணும்? அன்னைக்குத் தூறல் விழுந்ததும், கிளாரினெட் நனைஞ்சிரும்னு பதறிப்போயி, யுலிஸோட பொண வண்டி டுமேன் தெரு முனையத் தாண்டுறதுக்குள்ள குத்துப்பாட்ட எடுத்துவிட்டது யாரு? நியூ ஆர்லியன்ஸ்ல பொறந்த சின்னப்புள்ளகூடச் செய்யாதே அத! வண்டி கண்ணுக்கு மறையிற வரைக்கும் அழுகைப் பாட்டு, மறைஞ்சப்புறம்தான் ஆட்டம். இல்லாட்டி செத்தவரு எப்படிப் போவாரு? உங்களுக்கு நான் சொல்லணுமா, தலைவரே?

– சொல்லிச் சொல்லி என் உசுர வாங்கிட்ட. அதுக்குத்தான பேண்ட மறுபடி கூட்டியிருக்கேன்? இந்தத் தடவ ஒழுங்கா அனுப்பி வைக்கிறேன் அவன. என்னாலயும் முடியல தாயே. கிளாரினெட்ட வாயில வச்சா போதும், பக்கத்துல வந்து நின்னு ஊதுறான். நடுப்பாட்டுல மேடைய விட்டு எறங்கி ஓடுறேன். ஓடுற தலைவன எவன் கூப்பிடுவான்? ஈஸ்டருக்கப்புறம் ஒரு கல்யாணம் இல்ல, ஒரு சாவு இல்ல. பெரிய மேளத்துத் தோல்ல முப்பது வருஷமா என் பேரு எழுதியிருக்கு. அது முன்னாடி நிக்கவே வெக்கமா இருக்கு.

– என்ன ஊதுறாரு?

– அதே எழவுதான். பாட்டோட ரெண்டாவது அடியில, தாளத்துக்கு அரைத் தட்டு முந்தி வந்து நுழையிறான். ஆத்துக் கப்பல்ல வாசிச்ச காலத்துலேந்து கத்துனேன், முந்தாதடா முந்தாதடான்னு. செத்தும் முந்துறான்.

– குடுத்து வச்சவரு நீங்க.

– என்னது?

– எனக்கு ஒரு சத்தமும் கேக்கலியே! திங்கக்கிழமை தவறாம அவருக்குப் புடிச்ச சிவப்பு பீன்ஸ் ஆக்கி, ஜன்னலத் தொறந்து போட்டுட்டு ஒக்காந்திருக்கேன். உங்ககிட்ட வர்ற மனுஷனுக்கு என்கிட்ட வர வழி தெரியலியா? போன வாரம் உங்க வேலிக்கு வெளிய வந்து நின்னேன். நீங்க வாசிச்சுக்கிட்டு இருந்தீங்க. கிளாரினெட் மட்டுந்தான் கேட்டுச்சு. வயிறு எரிஞ்சுபோச்சு அண்ணே.

– அட பைத்தியக்காரி. உள்ள வந்திருக்கலாம்ல?

– வந்து? அவரு உங்க பக்கத்துல நிக்கிறத நான் வேடிக்கை பாக்கவா? விடுங்க. என் தம்பி வண்டியக் கெளப்பிட்டான். நேரா கல்லறைக்குக் கொண்டுபோய் அவரு பக்கத்துல வச்சுருவான். ம், எடுங்க அழுகைப் பாட்ட. இன்னைக்கும் தூறுது, பாத்தீங்களா?

– தூறட்டும். கிளாரினெட் நனைஞ்சு நாசமாப் போனாலும் சரி, வண்டி மறையாம நிறுத்த மாட்டேன்.

– போதும் அண்ணே, போதும். வண்டி முனை திரும்பிருச்சு. ஒண்ணும் தெரியல.

– நல்லாப் பாத்தியா?

– பாத்துட்டேன். போயிட்டாரு.

– வில்பர், சத்தம் அடங்க மேளத்துல கட்டுன கைக்குட்டைய அவுருடா. ஆட்டப் பாட்டு. ஒண்ணு, ரெண்டு…

– என்ன அண்ணே, எடுத்த வேகத்துல நிறுத்திட்டீங்க? சனம் குடையத் தூக்கிக்கிட்டு ஆட ஆரம்பிச்சாச்சு.

– ரெண்டாவது அடி வந்துச்சு ஓடீல். அவன் வரல.

– அதத்தான கேட்டீங்க?

– கேட்டேன். கேட்டேன்தான். ஐயோ, பக்கத்துல வெறிச்சுன்னு இருக்கே! உன் தம்பியக் கூப்பிடு. வண்டியத் திருப்பச் சொல்லு.

– திருப்பக் கூடாது. வாசிங்க.

– எப்படி வாசிக்க? எங்க நுழையணும்னே தெரியல. அவன் முந்துனாத்தான என் எடம் எனக்குத் தெரியும்.

– அண்ணே, உங்க கால்ல விழுறேன், நிறுத்தாதீங்க. அந்த ரெண்டாவது அடிய இன்னொரு தடவ எடுங்க.

– நீ எதுக்குடி இப்ப அழுவுற?

– அப்பவே அரைத் தட்டு முந்தி வந்தாரு அண்ணே. எனக்குக் கேட்டுச்சு.