இரண்டு வீட்டுக்கும் ஒரே கொடிக்கயிறு

வெயில் கொளுத்துகிற மாசி மாதத்திலும் சோரியாங்குப்பத்தில் சில வேட்டிகள் வீட்டுக்குள்தான் காயும். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். நீங்கள் இந்தப் பக்கத்தில் உத்தியோகம் பார்ப்பவர், ஐயா, உங்களுக்குக் காரணம் தெரியும். நம் பக்கம் பிரெஞ்சுக்காரன் சீமை, சாராயம் மலிவு. ஆற்றைத் தாண்டினால் இங்கிலீஷ்காரன் சீமை, அங்கே நல்ல விலை. தாண்டிப் போகிறவன் நனைந்துதான் திரும்புவான். அந்த வேட்டியை விடிந்ததும் வேலியில் போட்டால், போய்வந்ததை ஊருக்கே தண்டோரா போட்ட மாதிரி ஆகிவிடும். குளித்த துணி வேலியில், ஆற்றுத் துணி உள்ளே. எங்கள் ஊர்ப் பெண்களுக்குச் சோறு வடிக்கத் தெரிவதற்கு முன்பே இது தெரியும்.

உள்ளே உலர்த்துவது லேசான வேலை இல்லை. காற்று வராது. விடிகாலையில் போட்ட வேட்டி உச்சி சாய்ந்த பிறகும் சொதசொதவென்று தொங்கும், வீடெல்லாம் புளித்த நாற்றம் அடிக்கும். நான் நெல் அவிக்கும் அடுப்புக்கு நேர் மேலே கொடி கட்டியிருந்தேன். அனல் பட்டால் சீக்கிரம் காயும். அந்தச் சாமர்த்தியம் தெருவில் வேறு யாருக்கும் இல்லை.

அந்தக் கொடியைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் செத்த பிறகு அவர் தம்பி கண்ணையன் வீட்டை இரண்டாகப் பிரித்தான். நடுவில் ஆள் மார்பளவுக்கு ஒரு மண்சுவர் வைத்தான். கூரை பொது. கொடிக்கயிறும் பொதுதான், சுவருக்கு மேலாக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓடும். என் புடவையும் அவன் மனைவி விருத்தாம்பாளின் புடவையும் ஒரே கயிற்றில் காயும்.

பிரித்தபோது கிணறு இருந்த பாதியை எனக்குக் கொடுத்தான். பாகூர் ஏரித் தண்ணீர் பாயும் நிலத்தை என் மகன் சிங்காரவேலுவுக்கு விட்டுவிட்டு, மேட்டு நிலத்தைத் தான் எடுத்துக்கொண்டான். நான் கேட்கவில்லை. ஊர் மெச்சியது. நடவுக்குப் போனாலும் சாவுக்குப் போனாலும், "உன் கொழுந்தன் மாரி யாருக்குடி வாய்க்கும், பவுனம்மா" என்பார்கள். நான் தலையாட்டுவேன். கண்ணையன் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன், வயிறு ஆறியிருக்கும். அதற்குக்கூட அவன் வழி வைக்கவில்லை.

ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு முந்தின மாசியில் இது நடந்தது. விடிகாலையில் சிங்காரவேலு பல்லெல்லாம் அடித்துக்கொள்ள வந்து நின்றான். அக்கரைச் சுங்கச் சாவடிச் சேவகன் ஆற்று மடுவில் அவனைப் பிடித்திருக்கிறான். இவன் கையிலிருந்த கழியால் அடித்திருக்கிறான். சேவகன் தண்ணீரிலிருந்து எழவில்லை. நான் அழவில்லை. உலர்ந்த வேட்டி கொடுத்து, கரிக்கலாம்பாக்கத்தில் இருக்கும் என் அண்ணன் வீட்டுக்கு அனுப்பினேன். ஆற்று வேட்டியை அலசிக் கொடியில் போட்டேன். அடுப்பை மூட்டி நெல்லை அவிக்க வைத்தேன்.

அன்று கண்ணையன் காய்ச்சலில் கிடந்தான். விருத்தாம்பாள் அறுப்புக்குப் போயிருந்தாள். உச்சிவேளையில் தண்ணீர் குடிக்க எழுந்தவன் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தான். சேவகனின் உடல் நம் கரையில் ஒதுங்கிய சேதி அதற்குள் ஊருக்குள் வந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்தான், வேட்டியைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

"அண்ணி, காஞ்சிடுச்சா?" என்றான்.

"காயுது."

"காஞ்சதும் மடிச்சிப் பொட்டில வச்சிடுங்க. நான் ஒண்ணும் பாக்கல. சிங்காரம் நம்ப வூட்டுப் புள்ள. யாரு கேட்டாலும் ராவெல்லாம் இங்கதான் தூங்கினான்னு நானே சொல்றேன்."

போய்ப் படுத்துக்கொண்டான். கிணற்றைக் கொடுத்தான், நிலத்தைக் கொடுத்தான், இப்போது என் பிள்ளையின் உயிரையும் கொடுக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். இனி சாகும்வரை இதற்கும் நான் தலையாட்ட வேண்டும். அவன் மேல் எனக்குக் கோபமெல்லாம் கிடையாது, ஐயா. அவன் நல்லவன். அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

பொழுது சாயும் முன் உங்கள் சிப்பாய்கள் வந்தார்கள். வீடு வீடாக நுழைந்து கொடியைத் தடவிப் பார்த்தார்கள். கண்ணையன் பக்கத்தில் ஒரு வேட்டி ஈரமாகத் தொங்கியது. இரண்டு வீட்டுக்கும் பொங்கலுக்கு ஒரே தறியில் வாங்கிய வேட்டிகள், எது யாருடையது என்று யார் கண்டார்கள். தூக்கத்திலிருந்து அவனை எழுப்பினார்கள்.

"இது என்னுது இல்லீங்க," என்றவன் சுவருக்கு மேலாக என்னைப் பார்த்தான். "அண்ணி, நீங்களாவது சொல்லுங்க."

"நான் இன்னா சொல்றது, கண்ணையா. உன் பக்கத்துல இல்ல தொங்குது," என்றேன்.

அதற்கு மேல் அவன் வாய் திறக்கவில்லை. சிங்காரவேலு என்று ஒரு பேர் சொல்லியிருந்தால் போதும். கோர்ட்டிலும் சொல்லவில்லை. ஆற்றில் நனைந்ததால்தான் காய்ச்சல் என்று அந்தக் காய்ச்சலையே சாட்சியாக்கினார்கள். ராத்திரியெல்லாம் பக்கத்திலேயே இருந்தேன் என்று விருத்தாம்பாள் தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள். பெண்டாட்டி சொல் எடுபடவில்லை.

அவள் தனியாகிவிட்டாளே என்று சுவரை இடிக்கச் சொன்னது நான்தான். அன்றிலிருந்து அவளுக்கு என் அடுப்பில்தான் சோறு. கொழுந்தன் பெண்டாட்டியை இப்படித் தாங்குகிறாளே என்று இப்போது ஊர் என்னை மெச்சுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

போன ஐப்பசியில் கண்ணையன் ஜெயிலிலேயே செத்தான். அதைக் கேட்டதிலிருந்து சிங்காரவேலுவுக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் உங்களிடம் வந்து தான்தான் கொன்றேன் என்று சொல்லிவிட்டான். வேட்டி எப்படி அந்தப் பக்கம் போனது என்று மட்டும் அவனுக்குத் தெரியவில்லை. பதற்றத்தில் அம்மா தள்ளியிருப்பாள் என்கிறான். பெற்ற வயிறு என்ன செய்யும் என்று நீங்களும் சொல்கிறீர்கள். விருத்தாம்பாளைக் கேட்டீர்களாம். "அக்காவ விட்டுடுங்க, புள்ளக்காகத்தான செஞ்சாங்க" என்றாளாம். புருஷன் மாதிரியே பேசுகிறாள். இந்தக் குடும்பத்துக்கு விட்டுக்கொடுப்பதைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது.

அவள் விட்டுக்கொடுத்து நான் பிழைக்க வேண்டாம். அப்படி எழுதாதீர்கள். ஈர வேட்டியோடு நான் அகப்பட்டுக்கொள்ளவில்லை, ஐயா. கண்ணையன் போய்ப் படுத்துச் சற்று நேரத்திலேயே அது மொடமொடவென்று காய்ந்துவிட்டது. அவன் சொன்னபடி மடித்துப் பெட்டியிலும் வைத்துவிட்டேன். சிப்பாய்கள் தெருவில் நுழைந்த பிறகுதான் அதை வெளியே எடுத்தேன். குடத்துத் தண்ணீரில் முக்கி, கொடியில் போட்டு, அந்தப் பக்கம் தள்ளினேன். காய்ச்சலில் தூங்குகிறவன் மேல் சொட்டக் கூடாது என்று, நன்றாகப் பிழிந்துவிட்டுத்தான் தள்ளினேன்.