நாற்காலியின் அனுபவக் குறிப்பு

தொப்பென்று சத்தம் கேட்டதும் அரங்கம் முழுக்கக் கைதட்டியது. முன்வரிசையில் ஒருவர் எழுந்து நின்றே தட்டினார். இரண்டு நாளும் சேர்த்து நம் நாடகத்துக்குக் கிடைத்த ஒரே பெரிய கைதட்டல் அதுதான், மேடம். அதை முதலில் எழுதுவதுதான் முறை.

ஒத்திகையிலும் மேடையிலும் கற்றதை ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னீர்கள். எல்லோரும் கொடுத்துவிட்டார்கள். எனக்கு நான்கு மாதத் தாமதம். மச்சானைப் பார்த்துக்கொள்ளும் வேலை இருந்தது.

மச்சான் என்றால் என் மாமா மகன். நம் நடிப்பு வகுப்பின் நாயகன். நானும் அவனும் ஒரே நாளில்தான் சேர்ந்தோம். இந்த நாடகத்தில் வசனமும் கிடையாது, ஒரு பெட்டியைத் தவிரச் சாமான்களும் கிடையாது, எல்லாமே உடம்புதான் என்றீர்கள். அவன் உடம்பு வாகாக இருந்தது, ராஜா ஆனான். என் முதுகு அகலம். அவன் உட்காரும் நாற்காலி ஆனேன். இரண்டாம் காட்சியில் கதவு. மூன்றாம் காட்சியில் கழுதை. அதைப் பதவி உயர்வு என்றே எடுத்துக்கொண்டேன்.

வருத்தம் ஒன்றும் இல்லை. ஒருநாள் இடைவேளையில்கூட அவன் என்மேல் உட்கார்ந்தபடியே போன் பேசினான். பதினோரு நிமிடம்.

“எந்திரிடா, இடுப்பு போகுது.”

“நாற்காலி பேசாதுடா மச்சான். கேரக்டர்ல இரு.”

நீங்களும் சிரித்தீர்கள்.

உங்கள் பயிற்சிகளில் எனக்குப் பிடித்தது, பின்பக்கமாகச் சாய்வது. ஆள் உயரப் பெட்டிமேல் முதுகைக் காட்டி நிற்பவன், “இருக்கியா?” என்று மெல்லக் கேட்க வேண்டும். கீழே நிற்பவன் “இருக்கேன்” என்றதும் மரம்போல் விழ வேண்டும். “திரும்பிப் பார்த்தா நம்பலைன்னு அர்த்தம்” என்றீர்கள். மச்சான் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. நானும் ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை.

கடைசிக் காட்சியும் அதுதான். ராஜா கோட்டையிலிருந்து விழுகிறார், மக்கள் தாங்குகிறார்கள். மக்கள் என்றால் நான் ஒருவன்தான்.

முதல் நாள் அம்மா வந்திருந்தாள். “என் அண்ணன் பையன் என்னமா உக்காந்தான் பாத்தியா” என்று பக்கத்தில் இருந்தவளிடம் பூரித்தாள். பிறகு என்னிடம், “ஆமா, நீ எப்படா வந்தே? உன்னைக் காணவே காணோமே” என்றாள்.

அப்போதும் எனக்குக் கோபம் வரவில்லை.

மறுநாள் அவன் பெட்டிமேல் ஏறிக் கேட்டான். “இருக்கேன்” என்றேன். பொய்யில்லை, இருந்தேன், இரண்டடி தள்ளி. திட்டமிட்டுச் செய்ததாக யாரும் சொல்ல முடியாது. எங்கே நிற்பது என்று காலையிலேயே தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வைத்ததைத் தவிர வேறு ஏற்பாடு எதுவும் செய்யவில்லை.

இடுப்புக்குக் கீழே இனி அசையாது என்றார் டாக்டர். குளிப்பாட்டுவது, தூக்கி உட்கார வைப்பது எல்லாம் நான்தான். “என் கால்தான் வழுக்கிடுச்சு அத்தை, பாவம், இவனுக்குக் கை எட்டல” என்று அம்மாவிடம் அவனே எனக்காக வாதாடினான். எங்களுக்குள் இவ்வளவு ஒட்டுதல் முன்பு இருந்ததில்லை.

அதோடு முடிந்திருக்கும். நீங்கள்தான் அவனுக்காகப் புது நாடகம் எழுதினீர்கள். சக்கர நாற்காலிதான் கப்பல், அவன் மாலுமி, மேடையிலிருந்து இறங்கும் சரிவுப் பலகைதான் பேரலை. பின்னால் பிடித்துக்கொண்டே இறங்க வேண்டிய நான், காற்று. நாற்காலியாவது கண்ணுக்குத் தெரியும், மேடம்.

இன்று காலை நீங்கள் வருவதற்கு முன்பே ஒரு தடவை ஒத்திகை பார்த்தோம். அதற்கும் குறிப்பு கேட்பீர்கள் என்பதால் இரண்டையும் சேர்த்தே எழுதிவிட்டேன்.

சரிவின் உச்சியில் அவன் வழக்கம்போல் திரும்பிப் பார்க்கவில்லை.

“இருக்கியா மச்சான்?”

நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

“இருக்கேன்டா.”