அத்தான் வாசித்த பேஸ்

டீ வேண்டாம் சார், அக்கா வீட்டிலேயே குடித்துவிட்டுத்தான் வந்தேன். அவளே போட்டுக் கொடுத்தாள். நான் போலீஸ் ஸ்டேஷனுக்கு வருவது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சர்க்கரை போட்டிருக்க மாட்டாள்.

அவள் கணவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அத்தான் என்று கூப்பிடுவேன். ஹோட்டல்களிலும் கல்லூரி விழாக்களிலும் வாசிக்கும் எங்கள் இசைக்குழுவில் பேஸ் கிடார் அவருடையது. அவருக்கு முன்னால் என்னுடையதாக இருந்தது. ஒருநாள் எங்கள் பாடகி, "உனக்குக் காது ரொம்ப நல்லா இருக்கு, நீ சவுண்ட் மிக்ஸர்ல உக்காரு" என்றாள். பாராட்டுவது மாதிரிதான் சொன்னாள். அடுத்த வாரம் என் இடத்தில் அத்தான் நின்றார். எனக்கு அதில் வருத்தம் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பேஸைப் பற்றி ஒரு விஷயம் புரிந்தால் மற்றதெல்லாம் உங்களுக்குப் புரிந்துவிடும். அத்தானுக்குக் கரகரப்பான சத்தம் பிடிக்கும். காலடியில் இருக்கும் பெடலை மிதித்தால் கம்பியின் ஒலி சிராய்த்துக்கொண்டு வரும். கேட்க ஜோராகத்தான் இருக்கும். ஆனால் முழுக்க அந்த வழியிலேயே அனுப்பினால் அடிக்கனம் போய்விடும். பாட்டு தரையில் கால் பாவாது. அதனால் கிடாரிலிருந்து வரும் ஒலியை இரண்டாகப் பிரிப்போம். ஒன்று பெடலுக்குள் போய்க் கரகரத்து வரும். மற்றது எதுவும் சேராமல் சுத்தமாக நேரே மிக்ஸருக்கு வரும். எதை எவ்வளவு கலப்பது என்பது என் வேலை. சுத்தமான ஒலி கோள்சொல்லி. ஒரு விரல் பிந்தினாலும் போட்டுக்கொடுத்துவிடும். கரகரப்புக்குப் பெரிய மனசு, எதையும் மூடி மறைக்கும்.

போன மழைக்காலத்தில் அத்தானின் சுத்த ஒலியில் தடுமாற்றம் கேட்டது. இடது கை விரல்கள் சரியாக அழுத்தவில்லை. சில சுரங்கள் பிந்தின, சில வரவே இல்லை. மேடையில் யாருக்கும் தெரியவில்லை. என் ஹெட்ஃபோனுக்கு மட்டும் தெரிந்தது. சுத்த ஒலியைக் குறைத்துக் கரகரப்பைக் கூட்டினேன். தப்பு மறைந்தது, கனமும் போனது. டிரம்மர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

எங்கள் பாட்டுகள் கம்ப்யூட்டரில் ஓடும் தாளத்தோடு சேர்ந்துதான் நடக்கும். அதனால் வேலை சுலபம். அத்தானின் பகுதிகளை வீட்டில் நானே வாசித்துப் பதிவு செய்தேன். நிகழ்ச்சியில் அவருடைய சுத்த ஒலியை அடைத்துவிட்டு அந்த இடத்தில் என்னுடையதை ஓடவிட்டேன். மேலே அவருடைய கரகரப்பைக் கொஞ்சம் தூவினேன். அவர் காதுக்குள் இருந்த இயர்ஃபோனுக்கும் அந்தக் கலவையையே அனுப்பினேன். கனம் திரும்பி வந்தது. டிரம்மர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

அன்று உடை மாற்றும் அறையில் அத்தான் கையை உதறிக்கொண்டிருந்தார்.

"விரலெல்லாம் மரத்துப்போன மாதிரி இருக்கு மாப்ள. ஆனா காதுல கேக்கறப்போ நல்லாத்தான் இருக்கு. எப்படின்னே புரியல."

"உங்க கைக்கு அனுபவம் ஜாஸ்தி அத்தான். நீங்க நினைக்கிறதுக்கு முன்னாடியே அது வாசிச்சுடுது."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கெடுக்க யாருக்கு மனசு வரும்?

சில வாரம் கழித்து அக்கா போன் செய்தாள். "டேய், உங்க அத்தானுக்குச் சட்டைப் பட்டன் போட வரலடா. நான்தான் போட்டுவிடறேன். படியில வேற தடுக்கித் தடுக்கி நடக்கறாரு. மேடையில எப்படி இருக்காரு? மறைக்காம சொல்லு."

"முன்னைவிட நல்லா வாசிக்கிறாரு அக்கா."

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை என்றே அப்போது நினைத்தேன். முன்னைவிட நன்றாகத்தான் இருந்தது.

ஆனாலும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். துணைக்கு என்னையும் அழைத்தாள். நான் அதற்குள் நெட்டில் விஷயத்தைப் படித்துவிட்டிருந்தேன். கை விரல்களில் வேகம் போவது, நடை தடுமாறுவது, இரண்டும் சேர்ந்து வந்தால் கழுத்தைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று போட்டிருந்தது. அந்த டாக்டரும் கழுத்தைத்தான் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன வேலை பண்றீங்க?" என்று கேட்டார். பேஸ் வாசிக்கிறேன் என்றார் அத்தான். "இப்பவும் வாசிக்க முடியுதா?"

அத்தான் என்னைப் பார்த்தார். "மாப்ள, போன சனிக்கிழமை வாசிச்சதைப் போடு."

போட்டேன். டாக்டர் கண்ணை மூடிக் கேட்டார், தலையை ஆட்டினார். "இப்படி வாசிக்கிற கையில நரம்புக் கோளாறு இருக்க முடியாது சார். தூக்கமில்லாம, ஓய்வில்லாம உடம்பைப் படுத்தறீங்க." சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அக்கா வாசலிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லவேளை நீ வந்தடா" என்றாள்.

அந்தப் பதிவில் அத்தானின் விரல் எவ்வளவு இருந்தது என்று கேட்பீர்கள். கரகரப்பில் கொஞ்சம். அதையும் போனில் மாற்றும்போது எடுத்துவிட்டேன். ஆமாம் சார், டாக்டரிடம் போவதற்கு முந்தைய நாளே எடுத்துவிட்டேன். கேட்பார்கள் என்று தோன்றியது.

உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால் அவர் மேடையை விட்டு இறங்க வேண்டியிருக்கும். பேஸ் இல்லாமல் அவர் என்ன ஆவார்? நான் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் மேடையில் நின்றால்தான் என் பதிவும் ஓடும் என்பது வேறு விஷயம்.

வெயில் காலம் தொடங்கியபோது ஒரு ஹோட்டலின் மாடிப்படியில் விழுந்தார். எழுந்திருக்க முடியவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் வேறொரு டாக்டர் படத்தை விளக்கில் பிடித்துக் காட்டினார். கழுத்தெலும்பு தண்டுவடத்தை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. "கையில ஆரம்பிச்சப்பவே வந்திருந்தா ஆபரேஷன் பண்ணி அங்கேயே நிறுத்தியிருக்கலாம்மா" என்றார். அக்கா, "வந்தோமே டாக்டர், காட்டினோமே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் அவளுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன்.

இப்போது அவர் சக்கர நாற்காலியில் இருக்கிறார். சோறு அக்கா ஊட்டுகிறாள். நான் தினமும் போய்ப் பேப்பர் படித்துக் காட்டுகிறேன். இந்த விஷயத்தில் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது.

போன மாதம் வரை இங்கே வரும் எண்ணமே எனக்கு இல்லை. ஆனால் குழு அந்த நிகழ்ச்சிகளின் பதிவுகளையெல்லாம் சேர்த்து ஒரு ஆல்பமாக வெளியிட்டது. உறையில் அத்தானின் படம், பெரிய எழுத்தில் அவர் பெயர். எங்கு பார்த்தாலும் அந்த பேஸைப் பற்றியே பேச்சு. பாடகி வீட்டுக்கு வந்து, நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு அழுதாள். "இந்த மாதிரி யாரும் வாசிச்சதில்ல. அடியில ஓடுதே ஒரு சுத்தமான சத்தம், அதைக் கேட்டா உடம்பு சிலிர்க்குது" என்றாள். அத்தானும் அழுதார். "எப்படி வாசிச்சேன்னு எனக்கே தெரியல" என்றார். நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றிருந்தேன். என்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

எல்லாவற்றுக்கும் ஒரு நியாயம் வேண்டாமா சார்? உண்மை இப்படி மூடிக் கிடக்கக் கூடாது என்று மனசாட்சி உறுத்தியது, வந்துவிட்டேன். என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். வழக்கு என்றால் பேப்பரில் வரும் அல்லவா? அப்போது ஒன்றை மட்டும் தெளிவாகப் போடச் சொல்லுங்கள். அந்த ஆல்பத்தில் பேஸ் வாசித்தது நான். மேலே கேட்கும் கரகரப்பு மட்டும்தான் அத்தானுடையது. அதுவும் பாட்டுக்கு இடைஞ்சலாக இருந்த இடங்களில் குறைத்துவிட்டேன்.