கடைசி ரெண்டு ஃப்ரீ த்ரோ

செவ்வாய்க்கிழமை. கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் கோயிலில் மெழுகுதிரி ஏற்றுவதற்கான வரிசை. எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மா, கூட வந்த பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னார்:

"என்ட மகன் தப்பவேணும் எண்டு கேக்க நான் வரேல்லை."

மகன் வெளிநாட்டுக் கிளப்புகளுக்கு விளையாடிய கூடைப்பந்து வீரர் என்பது அவர்கள் கதைத்ததிலிருந்தே விளங்கியது. ஃபைனலில் வேண்டுமென்றே அணியைத் தோற்கவைத்தார் என்று தடை போட்டிருக்கிறார்கள். நாளைக்கு அப்பீல்.

"என்ன அக்கா இப்பிடிக் கதைக்கிறீங்க? கை நடுங்கித்தானே தனிய நிண்டு எறிஞ்ச கடைசி ரெண்டு ஃப்ரீ த்ரோவும் பிழைச்சது?"

"டுபாயில ரெஃப்ரியைத் தள்ளினான் எண்டு பேப்பரில எல்லாம் போட்டாங்கள். அப்ப நான் அவன்ட பக்கம்தான் நிண்டனான்."

"இப்ப மட்டும் ஏன்?"

"சின்னனில இருந்து சிலுவை அடையாளம் போடாமல் அவன் ஒரு ஃப்ரீ த்ரோ எறிஞ்சதில்லை. அண்டைக்கு ரெண்டுக்கும் போடேல்லை."

"அவசரத்தில மறந்திருப்பான்."

வரிசை நகர்ந்தது. அந்த அம்மா நகரவில்லை.

"மறக்கேல்லை. டிவியில திருப்பித் திருப்பிப் போட்டாங்கள், பாத்தனான். கை நெத்தி வரைக்கும் போனது. பிறகு அவனே இறக்கிப்போட்டான்."