ஏழாம் மாசத்துப் பாப்பா

பிரதீஸ்: …பாப்பாவுக்கு நல்ல சத்தம் நிலூ. பேபி ரூமே அதிருது.

நிலூஷா: நெசமாவா? நேத்துப் பொறந்தவ… அதுவும் ஏழு மாசத்துல…

பிரதீஸ்: எல்லாம் அவ அம்மா கொரலு. பன்வில டவுன் வரைக்கும் கேக்கும்.

நிலூஷா: கிண்டலு. …டாக்டரம்மா வந்தாங்க.

பிரதீஸ்: என்ன சொன்னாங்க?

நிலூஷா: பனிக்குடம் முன்னாடியே ஒடஞ்சதுக்கு உள்ள இருந்த கிருமி காரணமா இருக்கலாமாம்.

பிரதீஸ்: கிருமியா? யாருகிட்டேருந்து…

நிலூஷா: பாத்தீங்களா! இதுக்குத்தான் சொல்லாம இருந்தேன்.

பிரதீஸ்: எத?

நிலூஷா: கொஞ்ச நாளாவே வெள்ளப்பட்டுச்சு. மீன் வாட மாதிரி… ஒங்க பக்கத்துல படுக்கவே கூச்சம்.

பிரதீஸ்: அதான் கீழ பாய் போட்டியா? வேக்காடுன்னு சொன்ன…

நிலூஷா: சவுக்காரம் போட்டுப் போட்டுக் கழுவுனேன். உள்ள அப்பிடிக் கழுவுனா இன்னும் கெடுதியாம்.

பிரதீஸ்: கிளினிக் நர்ஸ் மிஸ்கிட்டயாவது…

நிலூஷா: கேட்டாங்க. ஒண்ணுமில்லன்னுட்டேன். தப்பான பொம்பளன்னு நெனச்சிட்டா?

பிரதீஸ்: ஏய்… அழுவாத.

நிலூஷா: அப்பிடி இல்லையாம். ஒடம்புல நல்ல கிருமி கொறஞ்சா கெட்டது பெருகுமாம். யாருக்கும் வரலாமாம். புள்ளத்தாச்சிக்கும் குடுக்குற மாத்திர இருக்காம்.

பிரதீஸ்: அத அப்பவே போட்டிருந்தா…?

நிலூஷா: அப்பவும் இப்பிடி ஆகியிருக்கலாமாம். உறுதியா சொல்ல முடியாதாம்.

பிரதீஸ்: அப்ப விடு.

நிலூஷா: எப்பிடிங்க விடுறது? …கை கால் ஆட்டுறாளா?

பிரதீஸ்: ம்ம்… என்னப் பாத்து சிரிச்சா.

நிலூஷா: சிரிச்சாளா?

பிரதீஸ்: லேசா…

நிலூஷா: ஏன் என்னப் பாக்காம தலையவே தொவட்டிட்டிருக்கீங்க?

பிரதீஸ்: மழைல நனைஞ்சேன்ல.

நிலூஷா: பேபி ரூமுக்குள்ள போறவங்களுக்கு மேல ஒரு சட்ட போட்டு விடுவாங்களே… என்ன நெறம்?

பிரதீஸ்: அது… வெள்ள… இல்ல…

நிலூஷா: நீங்க உள்ளயே போகல. என்ன?

பிரதீஸ்: கால் வரல நிலூ. கதவுகிட்ட நின்னேன்… உள்ள என்னமோ மெஷின் கத்திக்கிட்டே இருந்துச்சு. ஒன்கிட்ட வந்து என்னத்தச் சொல்ல…

நிலூஷா: காலையில வார்டு மிஸ் என்னை வீல்சேர்ல வச்சு அவகிட்ட கூட்டிட்டுப் போனாங்க. வாயில குழாய் போட்டிருக்காங்க, அவளுக்கு சத்தமே வராது. நீங்க பயந்துருவீங்கன்னு நானும் சொல்லல. வெரலக் குடுத்தேங்க… கெட்டியாப் புடிச்சிக்கிட்டா. எந்திரிங்க, ரெண்டு பேருமாப் போவோம்.